நீலப் பெட்டி தனி

காலை ஆறே முக்கால். தாலின்.
ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையின் முற்றத்தில்,
மைனஸ் ஆறு டிகிரியில்,
நாங்கள் இலவசமாகத் தயிர் கொடுக்கப்போகிறோம்.
யார் போட்ட திட்டம் என்று கேட்காதீர்கள்.
எனக்கு மேற்பார்வை மட்டும்.

ஏஜென்சி அனுப்பிய ஒன்பது பேர்
வேனுக்குப் பின்னால்
குளிர்கோட்டின் மேலேயே மஞ்சள் டி-ஷர்ட்டை மாட்டுகிறார்கள்.
இரண்டு நாள் வேலை. மணிக்கு எட்டு யூரோ.
முந்தின இரவு பதினொன்றரைக்கு
பதினாலு பக்கக் கையேடு அனுப்பியிருந்தேன்.
அதில் நிறுவனத்தின் கனவு இருந்தது,
தயிரின் ஆளுமை இருந்தது,
லோகோவைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர்
வெள்ளை விட வேண்டும் என்பதும் இருந்தது.

"படித்தீர்களா?"
ஒன்பது தலைகள் ஆடின.
"புரிந்ததா?"
அதே ஒன்பதும், அதே அளவு.
குளிரில் தலையாட்டுவது சுலபம்,
உடம்புக்கும் கொஞ்சம் சூடு.

அப்போது போன். ஜெனரேட்டர்க்காரன்.
ஒரு காதில் அவன், மறு காதில் வாக்கி-டாக்கி.
போகிற போக்கில்,
ஓரமாய் நின்றவளிடம் விரல் நீட்டிச் சொன்னேன்:
"நீலப் பெட்டி தனி."

என் தலைக்குள் அது நீளமான வாக்கியம்.
நீலத்தில் இருப்பது ஓட்ஸில் செய்தது, பால் சேராதது,
பால் ஒத்துக்கொள்ளாது என்று யாராவது சொன்னால்
இதிலிருந்து எடுத்துக் கொடு,
மற்றதோடு கலந்துவிடாதே.
வாயிலிருந்து விழுந்தது மூன்று சொல்.
மிச்சத்தை அவள்
எங்கிருந்து எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேனோ.

எட்டரை ரயில் வந்தது. ஒன்பதே கால் வந்தது.
இந்த்ரெக் ஒரே ஆளுக்கு நாலு கோப்பை கொடுத்தான்,
நாய்க்கும் கேட்டாராம்.
கெர்த்து மூன்று முறை காபிக்குப் போனாள்,
மூன்று முறையும் வந்த பிறகு அனுமதி கேட்டாள்.

பதினொன்றே காலுக்குத்தான் அவளைப் பார்த்தேன்.
காலையில் நின்ற அதே இடம்.
பெட்டியை வேனின் பின்சக்கரத்தோரம் இழுத்துவைத்து,
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு,
வங்கி வாசல் காவலாளி மாதிரி.
ஒட்டிய டேப்கூடப் பிரியவில்லை.
நூற்றிருபது கோப்பை. அத்தனையும் கல்.

"ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை?"
நான் கத்தவில்லை என்றுதான்
இப்போதும் சொல்லிக்கொள்கிறேன்.
அவள் எஸ்தோனியச் சொற்களை
சில்லறை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாய் வைத்தாள்:
"நீங்கள். தனி. என்றீர்கள்."
பிறகு,
"ஒரு அம்மா கேட்டார். குழந்தைக்குப் பால் ஆகாதாம்.
நான் விடவில்லை."
அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை.

நாலரை மணி நேரம்.
மாற்றிவிட ஒருவரும் போகவில்லை.
வாக்கி-டாக்கியில் கூப்பிட எங்களிடம் பெயர் இல்லை,
பட்டியலில் அவள் ஒன்பதாம் ஆள்,
பையன்கள் வாயில் அவளும் நீலப் பெட்டிதான்.

ஸ்னெஷானா.
நார்வாக்காரி. வீட்டில் ரஷ்ய மொழி.
என் பேச்சை இவ்வளவு சுத்தமாக
என் பிள்ளைகள்கூடக் கேட்டதில்லை.
சொன்னவள் அரைகுறை, கேட்டவள் முழுசு.

மறுநாள் கையேடு இல்லை.
மாஸ்கிங் டேப்பில் ஒன்பது பெயரை எழுதி ஒட்டினேன்.
இரண்டு தப்பு. அவர்களே திருத்தினார்கள்.
பெட்டியின் மேல் கை வைத்து
அந்த நீளமான வாக்கியத்தைக் கடைசிவரை சொன்னேன்.
போன் அடித்தது. அடிக்கட்டும்.
"புரிந்ததா" நாக்கு நுனிவரை வந்துவிட்டது,
விழுங்கிக்கொண்டேன்.

"அந்த அம்மா இன்றைக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வாய்?"
ஸ்னெஷானா டேப்பைக் கிழித்தாள்.
ஒரு கோப்பையை எடுத்து, மூடியைத் துடைத்து,
ஒரு கரண்டியோடு என் கையில் வைத்தாள்.
பிறகு, இப்போது பேசலாம் போலிருக்கிறது என்று
தெரிந்துகொண்டவள் மாதிரி,
கேட்டாள்:
"கழிப்பறை எங்கே இருக்கிறது?"

பதினாலு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை.
ஒன்பது பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.
ஒருவரும் தலையாட்டவில்லை.