கனம்

மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும்
மேசையில் முதலில் விழுந்தது
ஒரு இரும்புத்துண்டு.
ஒயர் இல்லை, சால்டர் இல்லை,
எதையும் எதோடும் இணைக்காத
வெறும் இரும்பு.
வாங்குகிறவர் கைக்குக்
கனமாகத் தெரியட்டும் என்று
எங்கோ யாரோ பசைவைத்து ஒட்டியது.

எதிரே ஜெசிந்தா நிற்கிறாள்.
ஞானஒளிவுபுரத்திலிருந்து
ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள்.
ஜவுளிக்கடைப் பையில்
பாதி உருகிய சார்ஜர்.
கூடவே, எதற்கென்று சொல்லாமல்,
ஒரு தலையணை உறை.
உறையில் கருப்பாய் ஒரு செவ்வகம்,
விளிம்பு மட்டும் பழுப்பு.

"ராத்திரி ரெண்டு மணிக்கு பில் என்ட்ரி முடிச்சுட்டு
அப்படியே மெத்தையில போட்டுத் தூங்கிட்டேண்ணே.
பய தலை எப்பவும் அந்தப் பக்கந்தான்.
அன்னைக்குன்னு பாத்து வெக்கையா இருக்குன்னு
தரையில இறங்கிப் படுத்திருந்தான்."
பாத்திரக்கடைக் கணக்கை
ஒப்பிக்கும் அதே குரல்.

ஒரு வாரமாகவே
லேப்டாப்பில் கைவைத்தால்
மணிக்கட்டில் எறும்பு ஊர்ந்ததாம்.
"எர்த் இல்லைன்னு வீட்டுக்காரர்ட்ட சொன்னேன்.
மாடி வீட்டுக்கு எதுக்கும்மா எர்த்துங்கிறார்."
சிரித்தாள்.
நானும் சிரித்திருக்க வேண்டும்.

ஒயரின் கழுத்தில் இருந்த டேப்பையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
நீல டேப். மூன்று சுற்று.
நுனியை மடித்து உள்ளே செருகியது.
டவுன்ஹால் ரோட்டில்
நுனியை அப்படி மடிக்கிறவன் நான் ஒருவன்தான்.
தை மாதம்,
"கம்பெனி ஐட்டம் மூவாயிரத்து எண்ணூறு,
இது நானூத்தைம்பது,
ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றவன்.
மாசியில் தோல் உரிந்து வந்தபோது
"டேப் போதும், இருவது ரூவா குடு" என்றவன்.

வோல்டேஜ் என்று சொல்லிவிடலாம்.
வழக்கமாக அதைத்தான் சொல்வேன்.
வோல்டேஜைத் தேடிப்போய் இதுவரை
யாரும் சண்டை போட்டதில்லை.

"வோல்டேஜாண்ணே?"
அவளே கேட்டாள்.

இரும்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
கை தானாக ஒருமுறை
மேலே போய்க் கீழே வந்தது.
"இது என்ன வேலைண்ணே செய்யும்?"
"ஒண்ணும் செய்யாது."
"பெறகு எதுக்கு வச்சிருக்கான்?"
"இப்பத் தூக்கிப் பாத்தியே,
அதுக்கு."

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.
வெளியே ஒருவன் டெம்பர் கிளாஸ், டெம்பர் கிளாஸ் என்று
ஒரே சுருதியில் கூவிக்கொண்டிருந்தான்.

கல்லாவைத் திறந்து
நானூற்றைம்பதோடு இருபதையும் நீட்டினேன்.
இருபதை மட்டும் மேசையில் திருப்பி வைத்தாள்.
"டேப்பு அது வேலையைச் செஞ்சுச்சுண்ணே,
பாருங்க, பிரியவே இல்ல."
உறையை நான்காக மடித்து,
கருப்பு உள்பக்கம் போகும்படி
இன்னொரு மடிப்பும் மடித்து,
இரும்போடு பைக்குள் வைத்துக்கொண்டு
இறங்கிப் போனாள்.

அலமாரியில் அதே டப்பா
இன்னும் பதினொன்று.
ஷட்டரை இறக்கும்முன் ஒன்றை எடுத்தேன்,
தூசி தட்டத்தான்.
கை
எடை பார்த்தது.