ஆமா போடுகிறவள்

வில்லுக்கு இடப்பக்கம் என் இடம்.
கையில் ஜால்ரா, வாய்க்கு நேரே ஒரு மைக்.
பூதலிங்கம் அண்ணாவி ஒரு வரியை விடுவார்,
அது தரையில் விழுமுன் நான் ஆமா சொல்லவேண்டும்.
கொடைக்கு எண்ணூறு ரூபாய்,
சாப்பாடும் வண்டிக்கூலியும் தனி.

பதினோரு வருசத்தில்
எத்தனை ஆமா என்று யார் எண்ணினார்கள்?
அழுகிற ஆமா ஒன்றுண்டு, மூக்கால் இழுக்கவேண்டும்.
கேட்டு மலைத்துப்போகிற ஆமா.
பிறகு தீர்ப்புச் சொல்கிற ஆமா,
பாக்குவெட்டி மாதிரி, நறுக்கென்று.

வில்லுக்குறியில், பங்குனிக் கடைசிச் செவ்வாய்,
வேளிமலைக் காற்று பந்தலைத் தூக்கித்தூக்கிப் போட்ட ராத்திரி
அண்ணன்மார் ஐவர் கதை.

மூத்தவன் பேரு சடையப்பன். ஆமா.
அடுத்தவன் உடையப்பன். ஆமா.
ஐந்து பேருக்கும் பேருண்டு,
ஏறிப்போன குதிரைக்குப் பேருண்டு,
மோப்பம் பிடித்த நாய்க்கும் உண்டு, கரியன்.
அரிவாளை அடித்த கொல்லன், அடித்த நாள், நட்சத்திரம்,
துருத்திக்கு எந்த ஆட்டின் தோல் என்பதுவரை
இருபத்திரண்டு வரி.
அவள் மட்டும் தங்கை.
பொன்னுபோல தங்கை, பூப்போல தங்கை,
ஒரேயொரு தங்கை.

"பொத்திவச்ச பொண்ணு அவ பொழுதடையப் போனாளே
புத்தளத்து உப்புவண்டி போன தடம் போனாளே"
ஆமா.
"அஞ்சுபேரு தலைகுனிய ஆத்தைத் தாண்டிப் போனாளே"
ஆமா.
நடந்ததைத் தவிர
அவள் ஒன்றும் செய்யவில்லை அந்தக் கதையில்.

"வெட்டினது குத்தமில்ல, குலங்காக்க வெட்டினது"

முன்வரிசையில் பெண்கள்.
உச்சுக் கொட்டினார்கள்,
அண்ணன்மாருக்கு. பாவம், கை நடுங்கியதாமே.
என் தொண்டையில் ஆமா இருந்தது.
வந்தது வேறு:
"அண்ணாவி, அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னவாம்?"

நாலு குழாயிலும் கேட்டது.
வாழைத்தோட்டம் தாண்டி
பெருவழிச் சாயாக்கடைவரை கேட்டிருக்கும்.
வீசுகோல் அந்தரத்தில் நின்றது.
குடம் அடிக்கிறவன் சிரித்தேவிட்டான்.
"பேரு... ஏட்டுல இல்ல," என்றார் அண்ணாவி.
உடனே சுதாரித்து,
"பொம்பளைப் பேரைச் சபையில சொல்லப்படாது."
ஆமா என்றான் உடுக்கைக்காரன்.
அது என்னுடைய ஆமா.

கதை நிற்குமா, ஓடியது.
மாடு செத்தது, கிணறு வற்றியது, ஐவருக்கும் கண் போனது,
சோழி உருட்டினவன் சொன்னான், அவள்தான் என்று.
பட்டும் வளையலும் பீடமும் கொடுத்தார்கள்.
அப்போதும் பேரில்லை, அம்மன்.
கூடச் செத்த வண்டிக்காரனுக்கும் இடம் உண்டு,
மதிலுக்கு வெளியே, முதுகு திருப்பி,
ஒரு சுருட்டு, ஒரு வெடி.
அண்ணன்மார் உள்ளே,
அவளுக்கு வலப்பக்கம்,
ஆளுக்கொரு இளநீர்.

விடியற்காலம் அறுநூறு தந்தார்.
"இருநூறு கொறையுதே?"
"அது ஒன் கேள்விக்கு."

கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தேன்.
கனகபாய் அக்கா வந்தாள்,
மடியில் பிள்ளையைப் போட்டு ராத்திரி முழுக்கக் கேட்டவள்.
"பேரு என்னட்டி?"
தெரியாது என்றேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்,
தலைப்பில் துடைத்தாள்,
துடைத்துக்கொண்டே இருந்தாள்.
"பூரணம்னு வச்சுக்கோ."
பக்கத்தில் நின்ற ஒருத்தி சட்டென்று அவளைப் பார்த்தாள்.
அது யார் என்று நான் கேட்கவில்லை.
ஒரு ராத்திரிக்கு ஒரு கேள்வி போதும்.

வடசேரி பஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் ஜால்ரா, துணியில் சுற்றி,
குழியில் விழும்போதெல்லாம் உள்ளே கிணுங்குகிறது.
மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
சித்திரையில் ஆறு கொடை.
கரண்டு பில், கேஸ், மகளுக்கு டியூசன்,
ஜால்ராவுக்குப் புதுக்கயிறு,
எல்லாம் போக
ரெண்டு கேள்விக்குக் கட்டுப்படியாகும்.