கோப்பை 117

இரத்மலானை. காலை ஆறே முக்கால்.
ஓடுபாதைக்கு அப்பால் புல்தரையில்
இருநூற்று நாற்பது யோகட் கோப்பைகள்,
இரண்டு மீற்றருக்கு ஒன்று.
காற்றுக்குப் பறக்காமல் அடியில் ஒரு கூழாங்கல்.
விளிம்பில் என் கையெழுத்தில் ஓர் இலக்கம்.

மேலிருந்து கொட்டும் நீர்
எங்கே எவ்வளவு விழுந்தது என்று அறிய
இதைவிடத் திறமான கருவி கிடையாதாம்.
தீயணைப்புப் படை ரிஸ்மி சொன்னார்.
மூன்று வாரமாக அமைச்சு முழுவதையும்
யோகட் தின்ன வைத்தவரும் அவர்தான்.

குழுவில் நான் கணக்காளர்.
மூன்று விலைமனு, மூன்று வாளி.
செம்மஞ்சள் துணிவாளி,
மடித்தால் ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடும்.
விறைத்த பிளாஸ்திக் வாளி
நிலத்தில் தானாக நிற்கும்; அதன் விலை நிலத்தில் நிற்காது.
மூன்றாவது, ஆகக் குறைந்த விலை.
வாய்க்கம்பி பெட்டியிலேயே வளைந்து வந்தது.
அதைத்தான் வாங்கச் சொல்கிறது என் கோப்பு.

பொல்கொட வாவியில் முக்கிக்கொண்டு
முதல் வாளி வந்தது.
வாளிக்கு முன்னால் சத்தம் வந்தது.

அந்தச் சத்தத்தை
ஒன்பது வயதில் நான் மதிப்பிட்டிருக்கிறேன்.
எத்தனை, எந்தத் திசை, எவ்வளவு பதிவாக,
பங்கருக்கு ஓட நேரம் இருக்கா இல்லையா.
புள்ளி போட அப்போது படிவம் இல்லை.
பிழைத்துப் போனால்
இரண்டாம் சுற்றும் இல்லை.

முழங்கால் தன்பாட்டில் மடிந்தது.
பேனை விழுந்ததென்று சொல்லிக் குனிந்தேன்.
பேனை கையில்தான் இருந்தது.

கயிற்றில் பூசணிக்காய் மாதிரி ஆடிக்கொண்டு
சொட்டச் சொட்ட மேலே நின்றது.
"ஒழுகுது, எழுதுங்கோ மிஸ்."
வயிறு திறந்தது.
நான் காத்திருந்த சத்தம் வேறு.
வந்தது
சளார்.
பிறகு கோப்பைகளில் டொக் டொக்கென்று மிச்சம்.

அளவுக் குழாயோடு வரிசை வரிசையாக நடந்தோம்.
90: ஐந்து மில்லிலீற்றர்.
103: சேறு.
111இன் மேல் கவிழ்ந்து கிடந்தது ஆகாயத்தாமரை.
இல்லாத பொருளுக்கு எடுத்துக்காட்டென்று
தருக்கப் பாடத்தில் படித்த பூ,
வேரும் நத்தையுமாக
ஆகாயத்திலிருந்தே விழுந்திருந்தது.
117: நாற்பத்திரண்டு மில்லிலீற்றர், ஒரு திலாப்பியாக் குஞ்சு.
"மீனைக் கழிக்கிறதா, சேர்க்கிறதா?"
ரிஸ்மி பகிடி விடவில்லை.

இரண்டாவது வாளி நேராகக் கொட்டியது.
அதைப்பற்றி எழுத அதிகம் இல்லை.

மூன்றாவது திறக்கவே இல்லை.
விமானி இலங்ககோன் மூன்று தரம் விசையை அழுத்தினாராம்.
கோப்பைகளுக்கு மேலால் முழு வயிற்றோடு போய்
தெலவலப் பக்கம் திரும்புகையில்
அது தானாக மனம் மாறிற்று.

அரை மணியில் வாசலில் ஒருத்தி.
இரண்டு கையிலும் ஈரச் சீருடை, வெள்ளையில் பாசி.
நாளைக்குப் பிள்ளைக்குச் சோதனை,
யார் இதற்குப் பதில் சொல்வது என்று
காவலாளியைத் தள்ளிக்கொண்டு
சிங்களத்தில் கத்தினாள்.
இலங்ககோன் தொப்பியைக் கழற்றி
மன்னிப்புக் கேட்டார்.
கதிரை கொடுத்தார்கள். தேத்தண்ணி கொடுத்தார்கள்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.
ஹெலியிலிருந்து விழுந்ததற்கு
முறைப்பாடு கொடுக்க
ஒருத்தி வாசலுக்கு வரலாம்.
கதிரையும் கிடைக்கும்.
இந்த நாட்டில்தான் நான் பிறந்தேன்,
எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஆகக் குறைந்த விலையை நிராகரித்து
காரணப் பத்தியில் எழுதினேன்:
உரிய இடத்தில் திறக்கவில்லை,
உரியதல்லாத இடத்தில் திறந்தது.
எழுதியதைத் திருப்பி வாசித்தேன்.
அழிக்கவில்லை.

சீருடை இரண்டுக்கும் ஈடு
எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்று
திறைசேரிக்குக் கடிதம் போட்டிருக்கிறேன்.
பதில் இல்லை.
மேசையில், பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில்
மீன் சுற்றிக்கொண்டிருக்கிறது.
அதைக் கழிக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை.