மிக அருகிய இனம்

போர்ட் நொல்லொத்தில் மூடுபனி
கடலிலிருந்து ஏறி வந்தால்
பத்து மணிக்குத்தான் விலகும்.
அதற்குள் அள்ளிவிட வேண்டும்.
வெயில் பட்டால்
மணலுக்கு மறதி வந்துவிடுகிறது.

ஒரு சுரங்கத்துக்கு மூன்று கரண்டி.
குழாயை மூடி எண் எழுதுகிறேன்: நாற்பத்தொன்று.
இரவு இங்கே மணலில் நீந்திப் போனது யாரென்று
கேப் டவுனில் ஓர் இயந்திரம் சொல்லும்,
ஆறு வாரம் கழித்து.

நான் அதைப் பார்த்ததில்லை.
தோலுக்குள் புதைந்த கண்ணால்
அதுவும் தன்னைப் பார்த்ததில்லை.
அந்தப் பொன்மயிர் மினுக்கம் யாருக்காக?
படிவத்தில் அப்படிக் கேள்வி இல்லை.

படிவம் கேட்பது வரிசை, குடும்பம், நிலை.
பொன் அகழெலி என்கிறோம்.
எலியும் இல்லை, அகழெலியும் இல்லை.
யானையும் கடற்பசுவும் தொங்கும் கிளையில்
உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சொந்தம்.
இதைச் சொன்னதும் ஃப்ளூரிஸுக்கு
தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.
வைரச் சுரங்கத்தில் பொக்லைன் ஓட்டுகிறான்.
"யானையைத் தோண்டினால்
எனக்குத் தெரியாதா, மக்ரீட்டா?"
அவனுக்கும் பிழைப்பு சுரங்கம், எனக்கும் சுரங்கம்.
ஆழம்தான் வேறு.

வேலிக்கம்பியில் வானம்பாடி.
நான் குனிகிற நேரமெல்லாம்
முதுகுக்கு மேலே கச்சேரி.
குருவி வரிசை; காகமும் அந்த வரிசைதான்.
பக்கத்துச் சீமைப் பறவையின் சாயல் என்றே
நெடுநாள் எழுதி வைத்திருந்தார்கள்.
பிறகு மரபணுவைப் படித்துத் தனி இனம் என்றார்கள்.
அன்று காலையும்
பழைய பாட்டைத்தான் பாடியிருக்கும்.

நிலை: கவலை குறைந்த இனம்.

யாருடைய கவலை, லியோனி?
அதே புதர், அதே வேலி,
பொக்லைன் வரும் அதே தடம்.
"பாடுகிறது, எண்ணிவிடலாம்" என்றாள்,
பட்டியலிலிருந்து தலை தூக்காமல்.

அடுத்த வரி: மிக அருகிய இனம்.
அருகிப் போனது என்று அர்த்தம்.
என் செருப்புக்குக் கீழே நாலு விரற்கடை.
இதைவிட அருகில்
இந்தக் கரையில் எனக்கு யாருமில்லை.

நேற்று முடிவு வந்தது.
நாற்பத்தொன்றில் இரண்டு பேர்.
இரவில் அது நீந்திய இடத்தில்
விடியலில் இது புழுதி குளித்திருக்கிறது.
ஒரே கரண்டி மணல்,
யானைக்குச் சொந்தமும் காகத்துக்குச் சொந்தமும்.

படிவத்தில் ஒரு குழாய்க்கு ஒரு கட்டம்தான்.
பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வெளியே ஃப்ளூரிஸ் வண்டியைக் கிளப்புகிறான்.
அந்தச் சத்தத்துக்கும் மேலே
அது பாடிக்கொண்டிருக்கிறது,
கவலை குறைவாக.