எய்னோ கொஸ்கெலாவுக்குக் கோட்டு மாட்டிவிட்டவள்

கழுத்துப்பட்டைக்கு உள்ளே பெயர் தைப்பது என் வேலை.
கிளீவ்லாண்டில், ஐம்பத்தேழின் குளிரில்
அவர் வந்து நின்றபோது கேட்டேன்:
எந்தப் பெயரைத் தைக்க?

சினிமாவில் அவர் எட் கோல்.
டுலூத் துறைமுகத்தில் இரும்புத்தாது அள்ளிய
ஃபின்லாந்துக்காரர் தன் மகனுக்கு வைத்தது
எய்னோ கொஸ்கெலா.
சுவரொட்டியில் இடம் போதாது என்று
ஸ்டுடியோ அதை ஒடித்தது. மிஞ்சியது கோல்,
ஊன்றி நடக்க ஆகாத நீளத்தில்.
(எந்தச் சுவரொட்டியிலும் அதுவும் வரவில்லை என்பது வேறு விஷயம்.)

பத்தொன்பது படங்கள்.
பதினாறில் நீதிமன்றச் சேவகர்.
நீதிபதி நுழையுமுன் ஒரே ஒரு வசனம்:
"அனைவரும் எழுந்து நிற்கவும்."
அப்புறம் கதாநாயகன் அழுவான்,
கதாநாயகி சாட்சிக் கூண்டில் மயங்குவாள்,
இவர் கதவோரம் விறைத்து நிற்பார்.
ஒருமுறை தும்மலை நாலு நிமிடம் அடக்கினாராம்.
அந்தக் காட்சியில் சேவகரின் கண்ணும் கலங்கியதை
ஒரு பத்திரிகை பாராட்டியது.
அதை மட்டும் வெட்டி வைத்திருந்தார்.

பிறகு நிஜமாகவே ஒரு விசாரணை.
வாஷிங்டனிலிருந்து வந்த கமிட்டி.
தண்ணீர்க் கூஜா, மைக், சாம்பல் கோட்டில் ஏழு பேர்.
அன்று யாரும் எழச் சொல்லவில்லை.
உட்கார், என்றார்கள்.
நண்பர்களின் பெயர்களைச் சொல், என்றார்கள்.
பெயர்தானே என்று
தன்னுடையதைச் சொன்னார், முழுசாக,
எழுத்தெழுத்தாக.
சுருக்கெழுத்துக்காரி இரண்டு முறை திருத்தினாள்.
வேறு பெயர் எதுவும் அந்த வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டுடியோ வாசலில்
காவலாளிக்கு அவர் முகம் மறந்துபோயிருந்தது.
மூன்று வருஷம் வீடு வீடாக ஜன்னல் திரை விற்றார்.
மார்செலீன் சண்டை போடாமல் பிரிந்தாள்.
கார் அவளுக்கு, கடன் இவருக்கு.

அதனால்தான் என் கேள்விக்கு
ஊசியைப் பார்த்தபடி நின்றார்.
"நீளமானதை. நூல் இருக்கிறதா?"

எங்கள் நாடகத்தில் அவர்
மகனைப் பறிகொடுத்த தகப்பன்.
இரண்டாம் அங்கத்தில் பேச்சே கிடையாது.
பேசினில் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.
விரலிடுக்கு விரலிடுக்காகக் கழுவினார்.
நகக்கண்ணை வெளிச்சத்தில் பார்த்தார்.
மறுபடி கழுவினார்.
யாரோ இருமத் தொடங்கிப் பாதியில் விழுங்கிக்கொண்டார்கள்.
மூன்றாம் வரிசையில் ஒருத்தி
தண்ணீர் சிவந்ததைக் கண்டதாகச் சத்தியம் செய்தாள்.
என்ன சாயம் என்று கேட்டு
மேனேஜரே பின்பக்கம் வந்துவிட்டார்.

நிரப்பியவள் நான். வெறும் குழாய்த் தண்ணீர்.

கோட்டைக் கழற்றும்போது கேட்டேன்.
"அப்பா தாதுக் கப்பலிலிருந்து வந்து கழுவினால்
அம்மா மூன்று தரம் தண்ணீர் மாற்றுவாள்" என்றார்.
பிறகு தொப்பியைத் தேடினார்.

நாற்பத்தோரு இரவு கழுவினார்.
தோல் வெடித்தது. வாஸ்லின் தடவிவிட்டேன்.
நாடகம் நியூயார்க் போகும் என்றார்கள்.
போகவில்லை.

அறுபத்தெட்டில் இறந்தபோது
செய்தித்தாள் எட் கோல் என்றே போட்டது, நாலு வரி.
கோட்டு வேறொரு பையனுக்குப் போயிற்று.
பழைய பெயரைப் பிரித்துவிட்டுப்
புதியதைத் தைப்பதுதான் வழக்கம்.
நான் பிரிக்கவில்லை.
அதன் மேலேயே தைத்தேன்.
கழுத்தில் என்னவோ அரிக்கிறது என்று
சீசன் முழுக்கப் புகார் சொன்னான்.

நேற்று ராத்திரி இரண்டு மணி.
தூக்கம் வராமல் டிவியைப் போட்டால்
கறுப்பு வெள்ளையில் ஒரு நீதிமன்றம்,
கதவோரம் அவர்,
தாடை இன்னும் தொங்காத வயசில்.
அனைவரும் எழுந்து நிற்கவும்.

எழுந்தேன்.
கெட்டில் வேறு கத்திக்கொண்டிருந்தது.