கறுப்பு அட்டை

குர்லா மாநகராட்சிப் பள்ளி மைதானத்தில்
ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு
என்னைச் சாகச் சொன்னார்கள்.

முந்நூறு ரூபாய், ஒரு வடாபாவ், டீ.
கையில் ஒரு சீட்டு:
பெண். நாற்பத்தொன்று. சுவர் இடிந்து விழுந்தது.
மூச்சு இல்லை.
தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கினாலும்
மூச்சு இல்லை.
"நடிக்கவே வேண்டாம், படுத்தால் போதும்" என்றாள்
வேதக்கனி என்பதை மூன்று முறை
அடித்து அடித்து எழுதினவள்.

ரத்தத்துக்கு நெற்றியில் கோகம் சர்பத் பூசினார்கள்.
இது ஒத்திகை என்று
எறும்புகளுக்கு யாரும் சொல்லவில்லை.
ஒன்று புருவத்தில் ஏறியது.
இன்னொன்று இமையில்.
செத்தவள் தட்டிவிடக் கூடாது.

அந்தப் பக்கம் சாஹில், பன்னிரண்டாம் வகுப்பு,
தொடையில் சிவப்புத் துணி சுற்றிக்கொண்டு
ஊரே கேட்க அலறினான்.
கிடைத்த வேஷம் அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.
பச்சை அட்டைக்காரர்கள் நிழலில் நின்று
வடாபாவுக்கு இன்னொரு மிளகாய் கேட்டார்கள்.

விசில்.

பயிற்சிக்கு வந்தவர்கள் ஓடி வந்தார்கள்,
ஆரஞ்சுச் சட்டை, புது ஷூ.
ஓர் ஆளுக்கு முப்பது விநாடி.
மூச்சு, நாடி, சொன்னது புரிகிறதா,
பிறகு ஒரு நிறம். பிறகு அடுத்த ஆள்.

என்னிடம் வந்தவள் ருதுஜா.
சட்டையில் எழுதியிருந்ததை இமையிடுக்கில் படித்தேன்.
தாடையைத் தூக்கினாள். மூக்கருகே காதை வைத்தாள்.
மூச்சை அடக்கிக்கொண்டேன்,
வாங்கப்போகும் முந்நூறுக்கு நேர்மையாக.
கறுப்பு அட்டையை எடுத்தாள்.
எடுத்தவள் கட்டவில்லை.
எறும்பைத் தட்டிவிட்டாள்.
விலகிய சேலையைக் கால்வரை இழுத்துவிட்டாள்.
என் கையைப் பிடித்துக்கொண்டு
"மாஃப் கரா, மாவ்ஷி" என்றாள்.
அவள் கை ஈரமாக இருந்தது.

சாவந்த் சார் கத்தவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தார்.
அவள் கட்டிலிருந்து ஒரு கறுப்பு அட்டையை உருவி
நடந்து போய்
சாஹிலின் கழுத்தில் மாட்டினார்.
"போனவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தாய்.
இவனுக்கு ரத்தத்தைக் கட்டியிருந்தால் போதும்."
சாஹில் அலறலைப் பாதியில் நிறுத்தி
ஏமாற்றத்தோடு என் பக்கத்தில் வந்து படுத்தான்.
"ஆன்ட்டி, இங்கே எறும்பு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஜூலை மழையில்
மித்தி ஆறு எங்கள் சந்துக்குள் நுழைந்த இரவு
பரணில் உட்கார்ந்து
தங்கச்சியின் கையைப் பிடித்திருந்தேன்.
எப்போது குளிர்ந்தது என்று தெரியும்.
தெரிந்தும் விடியும்வரை பிடித்திருந்தேன்.
அடுத்த சந்தில் யாரோ
தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
எவர்சில்வர் தட்டு, கரண்டியால்,
விட்டு விட்டு.
பிறகு விடாமல்.
பிறகு, நான் கவனிக்கவில்லை.

இருபது வருஷமாக
எல்லோரும் தங்கச்சியைப் பற்றித்தான் கேட்டார்கள்.
தட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை.
நானும் சொன்னதில்லை.

மறுபடி விசில். மறுபடி படுங்கள்.
இந்த முறை ருதுஜா
பதினெட்டு விநாடியில் என்னை முடித்தாள்.
முகத்தைப் பார்க்கவில்லை.
மணிக்கட்டில் நூல் இறுகியது,
காதருகே மண்ணைக் கிளறிக்கொண்டு
ஷூ சாஹிலை நோக்கிப் போனது.
சரியாகச் செய்தாள்.
நூலைக் கட்டும்போது விரல் நடுங்கியது
யாருடைய குறிப்பேட்டிலும் இருக்காது.

கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினேன்.
ரயிலில் ஒருத்தி என் மணிக்கட்டு அட்டையைப் பார்த்து,
ஆஸ்பத்திரி என்று நினைத்தாள் போல,
எழுந்து இடம் கொடுத்தாள்.
சயான் ஒரே ஸ்டேஷன்தான்.
ஆனாலும் உட்கார்ந்தேன்.

கோகம் கறை சோப்புக்குப் போகவில்லை.
ராத்திரி தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது
கரண்டி பட்டு ஒலித்தது.
எப்போதும் உள்ளங்கையை வைத்து நிறுத்திவிடுவேன்.
இன்று
அது தானாக ஓயும்வரை நின்றேன்.