பதினாறு பின்

மூணாம் கியரிலேயே வந்து சேர்ந்தது வண்டி.
குடியாத்தத்திலிருந்து வேலூர் வரை
மேட்டிலும் மூன்று, பள்ளத்திலும் மூன்று,
பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்று கிளம்பும்போதும் மூன்று.

ஞானசிகாமணி இறங்கினார்.
வார்டுக் கதவைச் சாத்துகிற மெதுவில்
கார்க் கதவைச் சாத்தினார்.
"ரெண்டு எடத்துல காட்டியாச்சும்மா.
கியர்பாக்ஸே போச்சுன்றாங்க. ஒண்ணரை லட்சம்.
எல்லாம் எந்தம்பி பண்ண வேலை."

மே மாதம், பதினொரு மணி,
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு.
தகரத்துக்குக் கீழே எல்லோரும் ஒரே சூட்டில் இருந்தோம்,
ஸ்பேனர் உட்பட.

பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன்.
பத்து நிமிஷம் சும்மா இருக்கணும் என்றேன்.
அந்தப் பத்து நிமிஷத்தையும் தம்பியால் நிரப்பினார்:
நவம்பரில் பாலாற்றில் தண்ணி வந்தபோது
விரிஞ்சிபுரம் தரைப்பாலத்தில் இறக்கியிருக்கிறான் சாலமோன்,
சக்கரம் பாதி முங்க.
வீடியோ வேறு எடுத்து அனுப்பியிருக்கிறான், சிரித்துக்கொண்டு.
அன்றிலிருந்து பேச்சில்லை.
ஈஸ்டருக்கும் இல்லை.

ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து,
ஃபிரிட்ஜ் அட்டையைப் பிரித்து முதுகுக்கு விரித்து
உள்ளே நகர்ந்தேன்.
கியர்பாக்ஸின் விலாவில்
நெல்லிக்காய்ப் பருமனில் வட்டச் சாக்கெட்.
இடப்பக்கம் ஒரு கால் திருப்பு.
வரவில்லை. இன்னொன்று.
வந்தது. கூடவே மணிக்கட்டு வழியாக
அக்குள் வரைக்கும் எண்ணெய்,
மாதுளஞ்சாறு பழசான நிறம்.

"இர்ஃபான், லைட்டு."

பதினாறு பின்.
பதினொன்று நன்றாக இருந்தன.
நான்கு, எண்ணெயில் முங்கிக் கிடந்தன.
ஒன்றில் மட்டும் பச்சை.
புளி போடாமல் விட்ட குத்துவிளக்கின்
அடிப்பச்சை.
குன்றிமணியில் கால்வாசி இருக்கும்.

உப்புத்தாளைத் தொடவில்லை.
முலாம் போனால் அடுத்த பச்சை சீக்கிரம் வரும்.
ஸ்பிரே அடித்தேன்; ஜில்லென்று ஆவியாகி
ஒரு நொடி விரல் நுனி மட்டும்
ஏலகிரிக்குப் போய் வந்தது.
குழந்தை பிரஷ்ஷால் ஒவ்வொன்றாய், அவசரமில்லாமல்.
மறுபடி ஸ்பிரே. மறுபடி பிரஷ்.
காற்று. துணி. காற்று.

வெளியே செருப்புகள் இரண்டும் கிட்டே வந்தன.
பிறகு முழங்கால். பிறகு முகம், தலைகீழாக.
"தண்ணி பூந்துகீதா?"
"இல்ல சார், எண்ணெய். உள்ளேர்ந்து வர்து.
ரப்பர் வளையம் கல்லாயிடுச்சு. பதினாலு வருஷ வண்டி."
"தண்ணியும் இருக்கலாம் இல்ல?"
வாய்தா கேட்கிற குரல்.
"தண்ணி பட்டிருந்தா வெளிப்பக்கம் துரு இருக்கும்.
வெளிப்பக்கம் சுத்தம்."

செருப்புகள் தள்ளிப்போயின.

புது வளையம். சாக்கெட்டை அழுத்தித் திருப்பினேன்.
டக்.
குறைந்த எண்ணெயை ஊற்றி,
பேட்டரியை மாட்டி, ஸ்கேனரில் பழைய கோடை அழித்து,
கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மூன்றில் அவர் மூச்சைப் பிடித்தார்.
நான்கு.
தோசைக்கல்லில் மாவு பரவுகிற மாதிரி, ஐந்து.
அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.
ஒன்றரை லட்சம் மிச்சமான ஆள்
இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"தண்ணியாலன்னு பில்லுல போட்டுத் தர்றியாம்மா?"

க்ளீனர், வளையம், எண்ணெய், கூலி.
ஆயிரத்து நூற்றைம்பது என்று எழுதினேன்.
காரணம் எழுத என் பில்லில் கட்டம் கிடையாது.
எண்ணிக் கொடுத்தார். நூற்றைம்பதை மீதி என நினைத்துத்
திரும்ப எடுத்துக்கொண்டு, மறுபடி கொடுத்தார்.

வண்டி கிளம்பி
டயர்க்கடை தாண்டி ஓரமாக நின்றது.
ஐந்து நிமிஷம். பத்து.
"அக்கா, மறுபடியும் நின்னுடுச்சா?"
"இல்லடா. பிரேக் லைட் எரியுது பார்.
கியர் போட்டுதான் கீது. கால்தான் எடுக்கல."

ஸ்பிரே டப்பாவைக் குலுக்கினேன்.
பாதிக்கு மேல் இருந்தது.